காவலனுக்கு ஒரே வசனம்

மைக் கத்துகிறது. ஸ்பீக்கருக்கு நேராக நிறுத்தி வைத்தால் கத்தத்தான் செய்யும், அந்தக் கம்பத்தை இரண்டு எட்டு பின்னால் தள்ளி வைத்தால் போதும், அது கூடத் தெரியாத ஆளை எங்கே பிடித்தார்களோ, மைக்கின் தலையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான், தட்டத் தட்ட அது இன்னும் கத்துகிறது, முன்வரிசையில் ஜட்ஜ் அம்மா முகத்தைச் சுளிக்கிறார். எழுந்து போய் நான் சரி செய்யலாம். ஊரில் மைக் செட் வைத்துப் பிழைத்தவன் நான், கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டியே பாதி வயசு போனவன். ஆனால் எழுந்தால் கால் நடுங்குவது தெரிந்துவிடும். உட்கார்ந்திருக்கும்போது முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டால் தெரியாது. அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். வெள்ளைச் சட்டை புதிதாகத் தந்திருக்கிறார்கள், இன்றைக்கு மட்டும், கஞ்சி விறைப்பு கழுத்தில் அறுக்கிறது. பந்தலுக்குப் பக்கவாட்டில் போட்டிருக்கும் இந்த பெஞ்சில் கவிதை வாசிக்கப் போகிற கைதிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம், நான் கடைசி, எனக்கு முன்னால் மைதீன் பிச்சை, அவனுக்கு முன்னால் மற்றவர்கள். ஒவ்வொருத்தனாகப் பெயர் கூப்பிடக் கூப்பிட பெஞ்சு காலியாகும், நான் மட்டும் மிஞ்சுவேன், அப்புறம் என் பெயர். பால்வண்ணன். வெறும் பெயர்தான். அதை நினைத்தாலே ஒன்றுக்கு வருகிற மாதிரி இருக்கிறது, காலையிலிருந்தே போய்ப் போய் வந்தாயிற்று, வருவதில்லை. தூணை ஒட்டி ஹெட் வார்டர் ஆவுடையப்பன் நிற்கிறார். என்னைப் பார்க்கவில்லை. ஜட்ஜ் அம்மாவைப் பார்க்கிறார். இப்போது என்னைப் பார்க்கிறார். இல்லை, எனக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் டிரம்மைப் பார்க்கிறார். நான் ஏன் திரும்பி அந்த டிரம்மைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது, பயந்தவன்தான் அப்படித் திரும்புவான்.

காலையில் அவரே வந்து என் காலரை நீவிவிட்டார். அது இன்னும் கழுத்தில் இருக்கிறது, அந்த விரல். "என்ன வே பால்வண்ணன், மாப்பிள்ளை மாரி இருக்கேரு," என்றார். நான் சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன், உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. "நல்லா வாசிக்கணும். ஜட்ஜ் அம்மா வாராங்க. உம்ம விடுதலை ஃபைல் மேல போயிருக்குல்லா, இந்த நேரத்துல நல்ல பேரு ரொம்ப முக்கியம். கடைசி வரிய மட்டும் மறந்துராதீரும், சூப்பிரண்டு அய்யா அவரு கைப்பட எழுதுனது." சரிங்கய்யா என்றேன். அவர் போகவில்லை. சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிட்டார், குழந்தைக்குப் போடுகிற மாதிரி, அவர் மூச்சில் ஏலக்காய் வாசனை, "வேற ஒண்ணும் இல்லியே?" என்றார். எதைக் கேட்டார்? வேறு கவிதை இல்லையே என்றா, வேறு குறை ஏதும் இல்லையே என்றா, இல்லை சும்மா வாயில் வந்ததா? இல்லைங்கய்யா என்றேன். அந்த இல்லைங்கய்யாவைக் கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டேனோ. கேள்வி முடியும் முன்பே சொன்ன மாதிரி இருந்ததோ. அதைத்தான் காலையிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன், இல்லைங்கய்யா, இல்லைங்கய்யா, மெதுவாகச் சொன்னால் எப்படி இருக்கும், வேகமாகச் சொன்னால் எப்படி இருக்கும். அவருக்குத் தெரியாது. தெரிய வழியில்லை. மனசுக்குள் நான் கட்டிவைத்திருக்கிற வேறு வரிகளை எங்கும் எழுதவில்லை. அவை என் வாய்க்குள்தான் இருக்கின்றன. வாய்க்குள் இருப்பதை எவன் சோதனை போட முடியும்? அப்படித்தான் நினைத்திருந்தேன், ஆனால் வாய்க்குள் இருப்பது முகத்தில் தெரியாதா என்ன.

பெரியராணி நாடகம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கொடை முடிகிற அன்றைக்கு விடிய விடிய நடக்கும், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவு பழசு. மந்திரி பேச்சைக் கேட்டு ராஜா தன் தம்பியையே பாதாளச் சிறையில் போட்டுவிடுகிறான். அந்தத் தம்பியைப் பெற்ற பெரியராணி, ஒரு முக்காட்டைப் போட்டுக்கொண்டு சிறை வாசலுக்குத் தனியாக வருகிறாள். என் மகன் உள்ளே இருக்கிறானா என்று காவலனைக் கேட்கிறாள். காவலனுக்கு அந்த நாடகத்திலேயே ஒரே வசனம்தான். உள்ளே யாரும் இல்லை தாயே. அவ்வளவுதான், அவள் திரும்பிப் போய்விடுவாள், அப்புறம் மகன் செத்த சேதி வரும், அவள் கொண்டையை அவிழ்த்துப் போட்டு அழுகிற அழுகைக்குத்தான் ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். காவலனை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த வேஷத்துக்கு ஆளே வைத்திருக்க மாட்டார்கள், பெட்டி தூக்குகிறவனையோ சமையல்காரனையோ பிடித்துக் கையில் ஈட்டியைக் கொடுத்து நிறுத்துவார்கள். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை கொடையில் பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட அவன் முகம் எனக்கு ஞாபகமில்லை. எஸ்தர் டீச்சர்தான் இந்த நாடகத்தை இங்கே கொண்டுவந்தது. காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற அம்மா, வாரா வாரம் வந்து எங்களை வட்டமாக உட்கார வைத்து நாடகத்தை வாசிக்கச் சொல்வார், அப்புறம் அதில் ஒருத்தராக உங்களை நினைத்துக்கொண்டு கவிதை எழுதுங்கள் என்பார். எல்லாருக்கும் ராஜா வேண்டும். மைதீன் பிச்சை மட்டும் நான் பெரியராணி என்றான், அந்த மீசைக்கு எல்லாரும் சிரித்தார்கள், அவன் எழுதி வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "அப்ப காவலன் உங்களுக்கு, அண்ணாச்சி," என்றார் டீச்சர். "அவனுக்கு ஒரே வசனம்தானேம்மா," என்றேன். "அதான். மிச்சத்தை நீங்க எழுதுங்க."

மிச்சத்தை. அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தெரியாமல்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு மண்டையில் குப்பென்று வியர்த்தது. இதே ஜெயிலில் இருந்த சேசடிமை செத்து அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

கைதட்டுகிறார்கள். முதல் ஆள் முடித்துவிட்டான். ராஜா. தொண்டை கட்டின ராஜா. பெஞ்சில் எல்லாரும் ஒரு ஆள் இடம் நகர்கிறோம், நான் நகரும்போது முழங்காலிலிருந்து கையை எடுக்க வேண்டியிருந்தது, ஆடியது, மைதீன் பார்த்துவிட்டான். "என்ன அண்ணாச்சி, காய்ச்சலா?" என்றான் மெதுவாக. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவனிடம் சொல்லியிருக்கலாமோ, சொன்னால் அவனும் மாட்டுவான், சொல்லாததே நல்லது. சேசடிமையும் இப்படித்தான் கேட்பான், பார்க்கிறவனையெல்லாம் காய்ச்சலா காய்ச்சலா என்று. கடற்கரைப் பக்கத்து ஆள், விசாரணைக் கைதி, வலைத் தகராறில் யாரையோ அடித்துவிட்டான் என்று கேஸ், சத்தமாகப் பேசுவான், கடலில் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது, குசுகுசு என்று பேசவே அவனுக்கு வராது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் ஹெட் வார்டரைப் பார்த்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தண்ணீர் நாற்றமடிக்கிறது, நீங்கள் ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள் என்றானாம். வரிசையில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான். அவன் பேச்சைக்கூட ஆவுடையப்பன் விட்டிருப்பார். சாயங்காலம் தனி அறைப் பக்கம் வாளியும் ஃபினாயிலும் கொண்டுவரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது கதவு திறந்திருந்தது. ஆவுடையப்பன் வெளியே முகம் கழுவிக்கொண்டிருந்தார். பிரம்பு சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே அவன் குப்புறக் கிடந்தான், முதுகு, நான் அந்த முதுகை நினைக்க மாட்டேன், இப்போது நினைக்க மாட்டேன், இந்தப் பந்தலில் தோரணம் கட்டியிருக்கிறார்கள், பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள். தண்ணீர் என்றான். சத்தமாகப் பேசுகிறவன் அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னான். வாளித் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து வாயில் விட்டேன். உள்ளே போகவில்லை. வாயோரமாக வழிந்து தரையில் போயிற்று, நான் துடைக்க வந்த தரை. "சீக்கிரம் தொடச்சிட்டுப் போவும் வே," என்றது வெளியிலிருந்து குரல். துடைத்தேன். தோரணம் பச்சை, மஞ்சள்.

மறுநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டையில் அடிபட்டுச் செத்துப்போனான் என்றார்கள். விசாரணைக்கு மாஜிஸ்திரேட் வந்தபோது அவன் பிளாக்கில் இருந்தவர்களைத்தான் கேட்டார்கள். நான் அந்த பிளாக் இல்லை, என்னைக் கேட்கவில்லை. அந்த பிளாக்கில் இருந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை, அது உண்மைதான், அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவன் நான் ஒருத்தன். அந்த மறுநாள் காலையிலேயே அவன் அம்மா மனுவுக்கு வந்திருந்தாள். மனு பார்ப்பது என்றால், வீட்டு ஆட்கள் வந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது. நான்தான் அங்கே கைதிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை, குரல் நன்றாக இருக்கிறது என்று போட்டிருந்தார்கள், மைக் செட்காரன் குரல். அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் பன்னும் பழமும் வைத்துக்கொண்டு வலையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். "எம் மவன் சேசடிமய கூப்புடுங்கய்யா," என்றாள் என்னைப் பார்த்து. நான் வாயைத் திறப்பதற்குள் ஆவுடையப்பன் முன்னால் வந்துவிட்டார். "அவன் இங்க இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு, சாதாரண காய்ச்சல்தான், சாயந்தரமா வாங்க." அவர் குரலில் என்ன ஒரு தன்மை. அந்த அம்மா பையை அவரிடமே நீட்டி, அவன் வந்ததும் குடுத்துருங்கய்யா, பசி தாங்க மாட்டான் என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டாரே. அடித்ததைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ, அந்தப் பையை அவர் வாங்கிக்கொண்டது.

இப்போது ராஜா, மந்திரி எல்லாரும் முடிந்து மைதீன் பிச்சை எழுந்து போகிறான். பெஞ்சில் நான் மட்டும். பெஞ்சு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது, நடுவில் நகர்ந்து உட்கார்கிறேன். இன்னும் நேரம் இருக்கிறது. ஒன்றும் செய்ய வேண்டாம். சூப்பிரண்டு சரி பார்த்துக் கொடுத்ததை வாசித்துவிட்டு வந்தால் முடிந்தது. அவர் நல்ல மனுஷன்தான், காவலன் கவிதையில் ஒரு நல்ல மெசேஜ் இருக்கட்டுமே என்று கடைசி வரியை அவரே மாற்றினார், சட்டத்தின் முன் அனைவரும் சமம் தாயே என்று. எஸ்தர் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒத்திகையில் ராணிக்குப் பதில் சொல்கிற இடம் வரும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன், நாக்கு வேறு பக்கம் போகிறது, மாடு பழகின பாதைக்குத் திரும்புகிற மாதிரி, இழுத்துப் பிடித்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. "இந்த இடத்துல வேற வரி ஏதோ இருந்துச்சா அண்ணாச்சி?" என்று டீச்சர் கேட்டார். இல்லைம்மா என்றேன். எத்தனை பேருக்கு எத்தனை இல்லை சொல்லிக்கொண்டு திரிகிறேன். நான் ஏதாவது சொல்லிவைத்தால் அவரையும் அல்லவா கேட்பார்கள், நீதானே எழுதச் சொன்னாய் என்று, அடுத்த வாரம் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் மைதீன் யாரிடம் கவிதை காட்டுவான். அது ஒரு காரணம். நல்ல காரணம். சிவகாமி இன்னொரு காரணம். போன மனுவில் வந்தபோது என் வீட்டுக்காரி எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், வரப்புத் தகராறில் பெரியப்பா மகனை வெட்டிவிட்டு நான் உள்ளே வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஃபைல் கையெழுத்து ஆயிரும்னு வக்கீல் சொல்லுதாரு. வீட்டு ஓட்டுக்கு மேல தகரச் சீட்டு மாத்திட்டேன், ஒழுகாது. நீங்க எதுலயும் தலையக் குடுக்காம வாய மூடிட்டு மட்டும் இருங்க. அது ஒண்ணுதான் நீங்க எனக்குச் செய்ய வேண்டியது." சரி என்றேன். அவளுக்குச் சரி என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே வாயை மூடிக்கொள். வாசி, இறங்கு, வா. செத்தவனுக்கு என்ன ஆகப் போகிறது? நான் சொன்னால் அவன் எழுந்து வந்து அந்தப் பன்னைத் தின்னப் போகிறானா? ஜட்ஜ் அம்மா சாயங்காலம் காரில் ஏறிப் போய்விடுவார். நான் இங்கேதான் இருப்பேன். ஆவுடையப்பனும் இங்கேதான் இருப்பார். தனி அறை இங்கேதான் இருக்கும். வாளியை அப்போது யார் கொண்டுவருவார்கள்? மைதீனையே கூப்பிட்டு அனுப்புவார்கள்.

மைதீன் அழுகிறான், மைக்கில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் பந்தல் முழுக்கக் கேட்கிறது, அவன் கவிதையில் பெரியராணி வெறும் கையோடு திரும்பி நடக்கிறாள், வழியில் ஒரு பழக்கடையில் நின்று என் மகனுக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்று மறந்துபோய்விட்டது என்கிறாள். இந்த வரி எனக்குத் தெரியாது. ஒத்திகையில் இது இல்லை. நேற்று எழுதிச் சேர்த்திருக்கிறான். பழம் என்று ஏன் எழுதினான், அவன் மனு அறைப் பக்கமே வந்ததில்லையே. யாரோ அந்த அம்மாவைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அல்லது யாரும் சொல்லவில்லை, எல்லா அம்மாவும் பழம்தான் கொண்டுவருகிறார்கள். ஆவுடையப்பன் மைதீனைப் பார்க்கிறார். கைதட்டல். ஜட்ஜ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாரா, வியர்வையா. பெயர் கூப்பிடுகிறார்கள். பால்வண்ணன். யாரது. நான்.

நடக்கிறேன். கால் நடுங்கினால் நடுங்கட்டும், வேட்டி மறைக்கிறது. மைக் முன்னால் வந்ததும் கை தானாகக் கம்பத்தைப் பின்னால் இழுத்து வைக்கிறது, கத்தல் நிற்கிறது, அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை, என் மூச்சு எனக்கே ஸ்பீக்கரில் கேட்கிறது. தாளைப் பிரிக்கிறேன். வணக்கம் சொல்கிறேன். வாசிக்கிறேன். நான் காவலன், எனக்கு முகம் இல்லை, ஈட்டி இருக்கிறது. என் குரல்தான், நல்ல குரல், மனு அறையில் பெயர் கூப்பிட்ட குரல். ராஜாவின் கோட்டையைப் பற்றி, குளிரைப் பற்றி, நின்று நின்று மரத்துப்போன காலைப் பற்றி. ராணி வருகிறாள். என் மகன் உள்ளே இருக்கிறானா? தாளில் அடுத்த வரி எழுதியிருக்கிறது, கண்ணுக்கு நேராக. உள்ளே யாரும் இல்லை தாயே. வாசித்துவிடு. சிவகாமி, ஓட்டுக்கு மேல் சீட்டு. வாசித்துவிடு. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. பந்தலில் யாரோ இருமுகிறார்கள். தூணருகே ஆவுடையப்பன் தலையை லேசாக ஆட்டுகிறார், சொல்லும் வே, சொல்லும் என்று, மறந்துபோன பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்கிற மாதிரி. அந்தத் தன்மை. அந்தப் பையை வாங்கிக்கொண்டபோது இருந்த அதே தன்மை. எனக்குத் தைரியம் வரவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும், தைரியம் கொஞ்சம்கூட வரவில்லை, பயத்தில் பல் தந்தியடித்தது, அந்தப் பயத்தோடுதான் வாய் பேசிற்று.

இருக்கிறான் தாயே.
நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் இருந்தான்.
தண்ணீர் என்றான், கொடுத்தேன்,
வாயோரமாய் வழிந்துவிட்டது.
அவன் முதுகைத் திருப்பிப் பார்க்காதே.
ராஜா அடிக்கவில்லை தாயே,
ராஜாவுக்கு இந்தப் பக்கம் வழி தெரியாது.
சாவிக்கொத்து வைத்திருப்பவன் அடித்தான்.
குழாயடியில் நாலு பேர் சிரித்ததற்காக.

யாரும் கைதட்டவில்லை. நாடகத்தில் குழாயடி ஏது. சூப்பிரண்டு எழுந்து, சிரித்த முகமாக, "ரொம்ப நல்ல கற்பனை, அடுத்து நன்றியுரை," என்றார். ஆவுடையப்பன் தூணை விட்டு நகர்ந்து மேடைப் படிக்கு வந்து நின்றுகொண்டார், நான் இறங்க வேண்டிய படி அது ஒன்றுதான். அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜட்ஜ் அம்மா உட்கார்ந்தபடியே கேட்டார். "எங்க ஊர்லயும் இந்த நாடகம் போடுவாங்க. காவலன் இப்படிப் பேச மாட்டானே?" பேச மாட்டான்தான். கற்பனைங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம், வாசல் திறந்திருக்கிறது, எல்லாரும் எனக்காக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறார்கள், சூப்பிரண்டு, ஆவுடையப்பன், வீட்டில் சிவகாமி. "பேச மாட்டாம்மா," என்றேன். "அப்ப இது எங்க நடந்தது?" படியைப் பார்த்தேன். நான் பார்த்த இடத்தை அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆவுடையப்பனையே பார்த்தார். அப்புறம் எழுந்து சூப்பிரண்டிடம், "இவர்கிட்ட நான் தனியாப் பேசணும். உங்க ஆபீஸ் ரூம் வேணும். வார்டர் யாரும் கூட வர வேண்டாம்," என்றார்.

அறையில் ஃபேன் ஓடுகிறது. என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார், நுனியில் உட்கார்ந்தேன். கூட வந்திருந்த கிளார்க் பேனாவைத் திறந்தார். "நீங்க இப்ப சொல்றதை இவர் எழுதுவார். எழுதினா அது கேஸ்," என்றார் அந்த அம்மா. "இன்னைக்கே உங்களை வேற ஜெயிலுக்கு மாத்தச் சொல்லிடறேன். அதுக்கு மேல என்னால உறுதி தர முடியாது. உங்க விடுதலை தள்ளிப் போகலாம். இது எல்லாம் தெரிஞ்சுதான் பேசறீங்களா?" தெரியுமா எனக்கு? ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மனுவுக்கு அந்தச் சிரிப்போடு வந்து, உங்க வீட்டுக்காரர் இங்க இல்லம்மா, மாத்தியாச்சு என்று வார்டர் சொல்லக் கேட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நிற்கப் போகிற சிவகாமி மட்டும் தெரிந்தாள். வெளியே வராந்தாவில் பூட்ஸ் சத்தம் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே, கதவு வரைக்கும் வந்து நிற்கிறது, மறுபடி போகிறது. முழங்காலை அமுக்கியிருந்த கையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "தெரியும்மா," என்றேன். "சொல்லுங்க. செத்தவர் பேரு?" சேசடிமை என்றேன். கிளார்க்குக்குப் புரியவில்லை, திருப்பிக் கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் பூட்ஸ் சத்தம் கதவுக்கு வெளியே நின்றிருந்தது. பிறகு, எனக்கு என் குரலே கேட்காத அளவுக்கு மெதுவாக, வாளியும் ஃபினாயிலும் கொண்டுவரச் சொல்லி என்னைக் கூப்பிட்டதிலிருந்து ஆரம்பித்தேன்.